தராசில் ஏறும் வேட்டைக்காரி

வல்லூறு பழக்குகிறவர் வீட்டில் தினமும் காலையில் ஒரு வேலை தவறாமல் நடக்கும். பறவையைத் தராசில் ஏற்றி எடை பார்ப்பார். தட்டுக்குப் பதிலாக ஒரு கட்டை பொருத்திய தராசு அது. பறவை அதன்மேல் கால் ஊன்றி நிற்கும். அவர் எடையைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். இன்றைக்கு வேட்டைக்குக் கிளம்பலாமா, வேண்டாமா என்பது அந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் முடிவாகும்.

எதற்கு இந்தக் கணக்கு? நாயைக் கூப்பிட்டால் பாசத்துக்காகவே ஓடி வரும். வல்லூறு அப்படி வராது. எத்தனை வருஷம் வளர்த்தாலும் வானத்தில் விட்டதும் அது சுதந்திரமான பறவைதான். கையுறையில் இறைச்சித் துண்டு இருக்கிறது என்று தெரிந்தால் திரும்பி வரும். வயிறு நிறைந்திருந்தால் வராது. ஏதாவது மரத்தில் போய் உட்கார்ந்துகொண்டு இறகைக் கோதும். பட்டினி போட்டாலும் ஆபத்து. நெஞ்சுத் தசை கரைந்துவிடும். அந்தத் தசையால்தான் சிறகே அசைகிறது. ஆக, பசி இருக்க வேண்டும், பலமும் குறையக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி மிகவும் சிறியது. வல்லூறுகளில் ஒரு வகையான பொரி வல்லூறில் பெண் பறவை ஏறக்குறைய ஒரு கிலோ இருக்கும். அதற்கே இருபது முப்பது கிராம் ஏறினாலும் இறங்கினாலும் நடத்தை மாறிவிடும். நம் ஊர்ச் சின்ன வேட்டைப் பறவையான வைரியின் எடை இருநூறு கிராம் அளவுதான். அதற்குச் சில கிராம்களே பெரிய வித்தியாசம்.

‘வேட்டைக்காரி’ என்று தலைப்பு வைத்ததற்குக் காரணம் உண்டு. வல்லூறுகளில் பெண்தான் பெரியது. ஆண் அதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சிறியது. அதனால் பெரிய இரையைப் பிடிக்கப் பழக்குபவர்கள் பெண் பறவையைத்தான் தேடுவார்கள்.

வல்லூறு பழக்குவது மிகப் பழைய கலை. 12-ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய அரசர் மூன்றாம் சோமேஸ்வரர் எழுதிய ‘மானசோல்லாசம்’ என்ற நூலில் அரசர்களின் பொழுதுபோக்குகளில் ஒன்றாக இது வருகிறது. குமாவுன் மலை நாட்டு அரசர் ருத்ரதேவர், பருந்து வேட்டைக்கென்றே ‘ஷ்யைனிக சாஸ்திரம்’ என்று தனி நூல் எழுதினார். பறவையின் கண்ணை மூடி அமைதிப்படுத்தும் தோல் தொப்பியில் இந்தியப் பாணி என்று ஒன்றை இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். காலில் கட்டும் சின்ன மணிகளுக்கு லாகூர் பெயர் பெற்றிருந்தது. பறவை புதருக்குள் இரையோடு இறங்கிவிட்டால் அந்த மணி ஓசையை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். இப்போது மணியோடு ஒரு குட்டி ஜி.பி.எஸ். கருவியும் சேர்ந்துகொண்டது. 2010-இல் யுனெஸ்கோ இக்கலையைப் பண்பாட்டுப் பாரம்பரியமாக அறிவித்தது.

குஜராத்தின் பாவ்நகர் அரச குடும்பத்தில் தர்மகுமார்சிங்ஜி என்று ஒருவர் இருந்தார். வல்லூறு பழக்குவதில் கைதேர்ந்தவர். சௌராஷ்டிரப் பறவைகளைப் பற்றிப் பெரிய நூலும் எழுதினார். அவருடைய அண்ணன் கிருஷ்ணகுமார்சிங்ஜியை உங்கள் தாத்தா பாட்டிக்குத் தெரிந்திருக்கலாம். 1948 முதல் 1952 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர் அவர்தான்!

சரி, மழை பொய்த்த வருஷத்தில் வல்லூறு பழக்குகிறவருக்கு என்ன ஆகும்?

முதல் தொல்லை தரையிலிருந்து வரும். புல் காய்ந்து பூமி மொட்டையாகிவிடும். ஒளிய இடமில்லாததால் காடையும் கௌதாரியும் ஆளை வெகு தூரத்திலேயே பார்த்துப் பறந்துவிடும். அடுத்தது நாய். புதருக்குள் இருக்கும் பறவையை மோப்பம் பிடித்துச் சொல்லும் நாயை வேட்டைக்காரர் கூடவே அழைத்துப்போவார். மண்ணில் ஈரம் இல்லாதபோது வாசனை சரியாகத் தங்காது, நாய் திணறிப்போகும். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை வெயில். காய்ந்த தரை சீக்கிரம் சூடாகும். சூடான காற்று தூண் தூணாக மேலே எழும். வல்லூறு அதில் ஏறிச் சிறகை அசைக்காமலே வட்டமடித்து உயரே போய், காற்றோடு மிதந்து, கண்ணுக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விடும். வேட்டைக்காரர் கையுறையை ஆட்டிக்கொண்டு கீழே நிற்க வேண்டியதுதான். அதனால் வறட்சிக் காலத்தில் விடிந்த கையோடு பறக்க விட்டு, வெயில் ஏறுமுன் வீடு திரும்பிவிடுவார்கள்.

இவ்வளவுக்கும் மேலாக, இரையே குறைந்துவிடும். அதை நம் ஊருக்கு வந்து பார்க்கலாம்.

தென்காசியில் யாராவது கையில் வல்லூறோடு நடக்கிறாரா என்று தேடாதீர்கள். அப்படி நடந்தால் வனத்துறை வந்து நிற்கும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டு வல்லூறைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஏனென்றால் இங்கே வல்லூறுகள் தாமாகவே வேட்டையாடுகின்றன. அவற்றைத் தராசில் ஏற்ற ஆள் இல்லை, அவ்வளவுதான்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் செங்குத்தான பாறை முகடுகளில் வாழ்வது ஷாகீன் வல்லூறு. ராஜாளி என்றும் சொல்வார்கள். தலை கருப்பு, வயிறு செம்பழுப்பு. பொரி வல்லூறின் உள்ளூர்ச் சொந்தம் இது. மற்ற பொரி வல்லூறுகள் குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வந்து போகும். இது எங்கும் போகாது. இலங்கையில் சிகிரியாப் பாறையிலும் இது கூடு வைக்கிறது. கூடு என்றால் சுள்ளி அடுக்கிய கூடு இல்லை. பாறை இடுக்கில் வெறும் தரையில் முட்டை இடும்.

இதன் வேட்டை முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும்: உயரத்திலிருந்து சிறகை மடக்கிக்கொண்டு இரைமேல் பாய்வது. கென் ஃபிராங்க்ளின் என்ற அமெரிக்கர் தான் வளர்த்த பொரி வல்லூறோடு விமானத்திலிருந்து பாராசூட் மாட்டிக்கொண்டு குதித்தார். பறவையும் அவர் கூடவே பாய்ந்தது. மணிக்கு 389 கிலோமீட்டர் வேகம் பதிவானது. ஆக்ஸ்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் பழக்கிய வல்லூறுகளின் முதுகில் ஜி.பி.எஸ்., கேமரா எல்லாம் கட்டிப் பறக்கவிட்டு 2017-இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். ஓடும் இலக்கைத் துரத்தும் ஏவுகணை எந்தக் கணக்கில் திரும்புகிறதோ, வல்லூறும் ஏறக்குறைய அதே கணக்கில்தான் திரும்புகிறதாம். ஏவுகணை செய்தவர்கள் பறவையைப் பார்த்துச் செய்யவில்லை. பறவையும் பள்ளிக்கூடம் போகவில்லை!

இவ்வளவு திறமை இருந்தும், பெரும்பாலான பாய்ச்சல்கள் வீண்தான். இரை தப்பிவிடும். இங்கே ஒரு கணக்குப் போடுவோம். அறுநூறு கிராம் எடையுள்ள வல்லூறுக்குத் தினமும் தன் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 60 கிராம் இறைச்சி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வானம்பாடியில் 20 கிராம் இறைச்சி தேறும் என்றால் ஒரு நாளைக்கு மூன்று பிடிக்க வேண்டும். நான்கு பாய்ச்சலில் ஒன்றுதான் பலிக்கிறது என்றால் 12 பாய்ச்சல். வறட்சியில் வானம்பாடிகள் பாதியாகக் குறைந்தால், அந்த 12 வாய்ப்புகளைத் தேட இரண்டு மடங்கு தூரம் பறக்க வேண்டும். அப்படிப் பறக்கச் செலவாகும் சக்திக்கு நான்காவது வானம்பாடி தேவைப்படும். நான்காவதைப் பிடிக்க இன்னும் நான்கு பாய்ச்சல். எங்கே போய் முடியும் என்று பாருங்கள்!

ஆனால், குற்றாலத்துக்கு வருஷா வருஷம் வந்து குளிக்கிறவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள்: “அருவியில் தண்ணீர் கொட்டுகிறதே, இங்கே ஏது வறட்சி?”

நல்ல கேள்வி. ஜூன், ஜூலை, ஆகஸ்டில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று மழையைக் கொண்டுவந்து தெளிக்கிறது. அந்தச் சாரல்தான் குற்றால சீசன். தென்காசி வரை அதன் குளிர்ச்சி இருக்கும். அங்கிருந்து கிழக்கே ஆலங்குளம், சங்கரன்கோவில் பக்கம் போகப் போகக் காற்று மட்டும் மிஞ்சும், காற்றாலைகள் சுற்றும், மழை இராது. அந்த மானாவாரிக் காடுகளும் பெரும்பாலான குளங்களும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. அதனால் சீசன் நன்றாக இருந்த அதே வருஷத்தில் கிழக்கே குளம் வெடித்துக் கிடக்கலாம்.

2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 சதவீதம் குறைவாகப் பெய்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களிலும் வறட்சி என்று அரசு அறிவித்தது. தென்காசி அப்போது திருநெல்வேலி மாவட்டத்துக்குள் இருந்தது. 2019-இல்தான் தனி மாவட்டம் ஆனது.

இப்படிப்பட்ட வருஷத்தில் ஒரு வேட்டைப் பறவைக்கு நேர்வது என்ன? தாகத்தால் தவிக்கும் என்று நினைப்பீர்கள். பெரும்பாலும் இல்லை. எலியின் உடம்பிலும் புறாவின் உடம்பிலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான். இரையைத் தின்றாலே வேட்டைப் பறவைக்குத் தேவையான தண்ணீர் பெரும்பாலும் கிடைத்துவிடும். வறட்சி அதற்குப் பசியாகத்தான் வந்து சேரும். அதுவும் உடனே வராது. இந்த விஷயத்தில்தான் எனக்கு ஆச்சரியம் அதிகம்.

மழை தவறிய முதல் மாதங்களில் வேட்டைப் பறவைகளுக்குக் கொண்டாட்டம்! பத்துக் குளத்தில் பரவியிருக்க வேண்டிய வாத்தும் உள்ளானும் கொக்கும் மிச்சமிருக்கும் ஒரே குளத்தில் வந்து நெருக்கியடிக்கும். தேடி அலைய வேண்டியதில்லை. வற்றும் சேற்றில் மீன்கள் துள்ளும், பருந்துகள் அள்ளிப்போகும். தண்ணீரும் தீனியும் எங்கே இருக்கிறதோ அங்கே பறவை கூடும் என்பது இந்த மண்ணின் பழைய வேட்டைக்காரர்களுக்குத் தெரியும். திரிகூடராசப்பக் கவிராயரின் ‘குற்றாலக் குறவஞ்சி’யில் சிங்கன் என்று ஒரு பறவை வேட்டைக்காரன் வருவான், நூவன் அவனுக்குக் கையாள். அவர்களிடம் வல்லூறு இல்லை, கண்ணிதான். கண்ணி வைப்பதற்கு அவர்கள் தேர்ந்தெடுக்கும் இடம், பறவைகள் கூட்டமாக வந்து இறங்கும் வயல்வெளி.

பிறகு அந்தக் கடைசிக் குளமும் வற்றும். நீர்ப்பறவைகள் கிளம்பிவிடும். மழை இல்லையென்றால் புல் விதை இல்லை, வெட்டுக்கிளி இல்லை. காடை, கௌதாரிக் குஞ்சுகள் முதல் சில வாரங்கள் பூச்சி தின்றுதான் வளரும். பூச்சி இல்லாத வருஷத்தில் குஞ்சு தேறாது. முதல் மழைக்குப் புற்றிலிருந்து கிளம்பும் ஈசலை நீங்கள் பார்த்திருப்பீர்கள், வறுத்துத் தின்றும் இருப்பீர்கள். ஈசல் கிளம்பும் அந்த ஒரு சாயங்காலம் வைரி, ஆந்தை, பருந்து எல்லாவற்றுக்கும் விருந்துதான். மழை வராவிட்டால் ஈசலும் வராது. நெல் விளையாத வயலில் எலி குட்டி போடாது.

எலி குறைந்தால் முதலில் அடிபடுவது கருந்தோள் பருந்து. வயல்மேல் ஒரே இடத்தில் சிறகடித்தபடி நின்று கீழே பார்க்குமே, சிவப்புக் கண் உள்ள வெள்ளைப் பறவை, அதுதான். அதற்கு உணவு பெரும்பாலும் எலி. குளிர்காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்து வரும் பூனைப் பருந்துகளுக்கு வெட்டுக்கிளி முக்கியமான தீனி. பாவ்நகருக்கு அருகே வேளாவதர் புல்வெளியில் இரவு தங்க இவை பெருங்கூட்டமாக வரும். தாமிரபரணிச் சீமையின் புல்தரைகளிலும் இவை இறங்குவதுண்டு. புல் தீய்ந்து கிடந்தால் இவ்வளவு தூரம் பறந்து வந்தும் பலனில்லை.

இதில் வல்லூறு கொஞ்சம் தப்பித்துக்கொள்ளும் என்பது என் கணிப்பு. கோயில் கோபுரங்களில் குடியிருக்கும் மாடப்புறாவுக்கு மழை பெய்தால் என்ன, பெய்யாவிட்டால் என்ன? அரிசி மண்டியிலும் களத்திலும் சிந்தியது போதும். புறா பிடிக்கத் தெரிந்த வல்லூறுக்கு அதனால் நல்ல காலம். எலியை மட்டுமே நம்பிய பருந்துக்குத்தான் கெட்ட காலம். ஒரே வானம், ஒரே வறட்சி. ஆனால் யார் எதைத் தின்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் பாதிப்பு மாறுகிறது.

பசி பறவையின் உடம்பில் எழுதிவைத்துவிட்டுப் போகும் தடம் ஒன்று உண்டு. வல்லூறு பழக்குகிறவர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அதைப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். இறகு அடியிலிருந்து சிறிது சிறிதாக நீளும். நல்ல சாப்பாடு கிடைத்த நாளில் உறுதியாக வளரும். பட்டினி கிடந்த நாளில் வளர்ந்த பகுதி மட்டும் மெலிந்து, குறுக்கே ஒரு கோடாகத் தெரியும். வெளிச்சத்தில் பிடித்தால் கோட்டின் வழியே ஒளி கசியும். இதைப் பசிக்கோடு என்பார்கள். குஞ்சாக இருந்தபோது கூட்டில் பட்டினி கிடந்த பறவையின் எல்லா இறகிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் இந்தக் கோடு ஓடும், ஏனென்றால் அந்த இறகுகள் எல்லாம் ஒரே சமயத்தில் வளர்ந்தவை. பின்னால் வேகமாகப் பறக்கும்போது இறகு முறிவதும் அந்தக் கோட்டில்தான்.

முறிந்தால்? காட்டுப் பறவை அடுத்த இறகுதிர்ப்பு வரை காத்திருக்க வேண்டும். வளர்க்கும் பறவைக்கு ஒட்டு வேலை நடக்கும். போன வருஷம் உதிர்ந்த இறகுகளை வரிசை எண் போட்டுப் பத்திரமாக வைத்திருப்பார்கள். முறிந்த இறகை அடியில் வெட்டிவிட்டு, அதன் தண்டுக்குள் மெல்லிய மூங்கில் ஈர்க்கையோ உலோகக் கம்பியையோ செருகி, அதே இடத்துப் பழைய இறகை ஒட்டிவிடுவார்கள். இறகு செத்த பொருள், நம் நகம் போல, பறவைக்கு வலிக்காது. 13-ஆம் நூற்றாண்டில் வல்லூறுகளைப் பற்றி மிகப் பெரிய நூல் எழுதிய ஐரோப்பியப் பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக்கும் இப்படிப்பட்ட நுணுக்கங்களில் மூழ்கியவர். பாறுக் கழுகு பிணத்தைக் கண்ணால் கண்டுபிடிக்கிறதா, மூக்காலா என்று தெரிந்துகொள்ள, அதன் கண்ணை மறைத்து முன்னால் இறைச்சி வைத்துப் பார்த்திருக்கிறார். கழுகு இறைச்சியைக் கண்டுகொள்ளவில்லை. ராஜ்யத்தைக் கவனித்தாரா என்று கேட்காதீர்கள்!

கூகை வறட்சியைச் சமாளிக்கும் விதம் கொஞ்சம் கொடூரமானது. பழைய கட்டடங்களின் மூலையிலும் கோயில் மாடங்களிலும் முட்டையிடும் வெளிர் முகம் கொண்ட பறவை அது. இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு ஒவ்வொரு முட்டையாக இடும். முதல் முட்டை இட்டதுமே அடைகாக்கத் தொடங்கிவிடும். அதனால் குஞ்சுகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் பொரிக்கும். மூத்தது இறகு முளைத்து நிற்கும்போது கடைக்குட்டி கண்கூடத் திறந்திராது. எலி நிறையக் கிடைக்கும் வருஷத்தில் எல்லாம் பிழைக்கும். எலி இல்லாத வருஷத்தில் பெரியது முதலில் வாயை நீட்டி வாங்கிக்கொள்ளும், சின்னது செத்துப்போகும். எல்லாக் குஞ்சும் ஒரே அளவில் இருந்து இருக்கிற கொஞ்சத்தைச் சமமாகப் பங்கு போட்டிருந்தால் ஒன்றுகூடத் தேறாமல் போகலாம். இது நியாயமா என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. கூட்டில் இரண்டு குஞ்சாவது மிஞ்சுகிறது என்பது மட்டும் உண்மை.

மழை திரும்பிய வருஷத்திலும் வேட்டைப் பறவைகள் உடனே பெருகிவிடாது. முதலில் புல், அப்புறம் பூச்சி, அப்புறம் எலியும் காடையும், அதற்கும் பின்னால்தான் பருந்து. எலி சில வாரங்களில் குட்டி போட்டுவிடும். ஷாகீன் வருஷத்துக்கு ஒரே ஒரு முறைதான் முட்டையிடும், அதுவும் மூன்று நான்கு. ஆகவே ஊரில் எல்லாரும் வறட்சியை மறந்துபோன பிறகும் மலை முகட்டில் அதன் விளைவு இருந்துகொண்டிருக்கும்.

இதையெல்லாம் நீங்களும் கொஞ்சம் துப்பறியலாம். கூகை தினமும் உட்காரும் இடத்துக்குக் கீழே கட்டைவிரல் அளவில் கருப்பு உருண்டைகள் கிடக்கும். எச்சம் இல்லை அது. செரிக்காத முடியையும் எலும்பையும் உருட்டி வாய் வழியாகத் துப்பியது. கையுறை போட்டு எடுங்கள். பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும். கூட்டின் பக்கம் போகாதீர்கள். உருண்டையை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து ஊசியால் மெல்லப் பிரித்தால் மண்டையோடுகள் முழுசாகவே கிடைக்கும். முன்னால் நீண்ட மஞ்சள் பல் இருந்தால் எலி. கூரிய சின்னப் பற்கள் வரிசையாக இருந்தால் மூஞ்சூறு. முள் முள்ளான கால் துண்டுகள் வெட்டுக்கிளியுடையவை. மழை நன்றாகப் பெய்த வருஷத்திலும் பெய்யாத வருஷத்திலும் எண்ணி எழுதி வைத்தால் கூகையின் சாப்பாடு மாறியிருக்கிறதா என்று தெரியும். முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பசிக்கோடு எப்படி இருக்கும் என்று பார்க்க வல்லூறு இறகைத் தேடி அலைய வேண்டாம். காட்டுப் பறவையின் இறகை எடுத்து வைத்துக்கொள்வதும் சட்டப்படி தவறு. வீட்டுக் கோழியின் சிறகு இறகு ஒன்றைச் சாய்வான வெயிலில் பிடித்துப் பாருங்கள். மங்கலான பட்டைகள் மாறி மாறித் தெரியலாம். ஒரு கருமையான பட்டையும் ஒரு வெளிர் பட்டையும் சேர்ந்தால் அந்த இறகு சுமார் ஒரு நாளில் வளர்ந்த நீளம். பசிக்கோடு இருந்தால் அது பட்டைகளிலிருந்து தனியாக, கண்ணாடி போல் மெலிந்து தெரியும்.

குளங்களை எண்ணுவதற்கு ஏற்கெனவே ஒரு குழு இருக்கிறது. ஏட்ரீ நிறுவனத்தின் அகத்தியமலை மக்கள் சார் இயற்கைவளக் காப்பு மையம் 2011 முதல் ஜனவரி மாதங்களில் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறது. திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசிக் குளங்களில் மாணவர்களும் சேர்ந்து எண்ணுகிறார்கள். போகிறவர்கள் வாத்தையும் நாரையையும் எண்ணி முடித்த பிறகு கரையோரப் பனை உச்சியையும் ஒரு தடவை பாருங்கள். குளம் மொத்தமும் திடீரென்று ஒரே நேரத்தில் எழுந்து பறந்தால் அங்கேதான் யாரோ உட்கார்ந்திருந்து கிளம்பியிருக்கிறார்கள். அதையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: குளத்தின் பெயர், நேரம், தண்ணீர் எவ்வளவு இருந்தது, பாய்ச்சல் பலித்ததா இல்லையா.